சும்மா கிடக்கும் உழவுசால்: ரஷ்ய இலையுதிர் காலத்தின் அழகு

கேள்வி: “இலையுதிர் காலத்தின் அழகு என்று கவிதையிலும் ஓவியத்திலும் இசையிலும் இவ்வளவு கொண்டாடுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? நம் ஊரில் அப்படியொரு பருவமே இல்லாதபோது நாம் அதை எப்படி ரசிப்பது? எதை எடுத்தாலும் ஒரே சோகமாக இருக்கிறதே, ஏன்?”

இதற்கு உலகத்தையே சுற்றி வந்து பதில் சொல்லலாம். வெனிஸ்காரர் விவால்டி 1725-இல் வெளியிட்ட வயலின் இசையில் அறுவடைக் கூத்தும் வேட்டையுமாக ஓர் இலையுதிர் காலம் இருக்கிறது. 1819 செப்டம்பரில் வின்செஸ்டர் வயல்வெளியில் நடந்துவிட்டு வந்து கீட்ஸ் எழுதிய கவிதை இருக்கிறது. ஜப்பானில் மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கவே கூட்டம் கூட்டமாக மலைக்குப் போகிறார்கள். ஆனால் நான் அதற்குள் நடந்து, குளிரில் நடுங்கி அறிந்தது ரஷ்ய இலையுதிர் காலம் ஒன்றைத்தான். மாஸ்கோவுக்கு வடமேற்கே, வோல்கா கரையில் இருக்கும் த்வேர் நகரத்தில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் ஊரில் அப்படி ஒரு பருவம் இல்லை என்பது முக்கால்வாசி உண்மை. அவர்களுடைய செப்டம்பர், அக்டோபருக்கு நேராக நமக்கு வருவது காரும் கூதிரும். மரமெல்லாம் குளித்துவிட்டுப் பச்சையாக நிற்கும் காலம். நம் ஊரில் இலை கொட்டுவது அதற்கு வெகுநாள் கழித்து, மாசி பங்குனியில். தேக்கும் இலவமும் மொட்டையாக நிற்பது தண்ணீர் இல்லாமல். ரஷ்யாவில் அதே வேலையைக் குளிர் செய்கிறது. பகல் சுருங்கச் சுருங்க மரம் இலையில் உள்ள பச்சையத்தை உடைத்து, அதிலிருக்கும் தழைச்சத்தைக் கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. அது புதிதாக வந்த மஞ்சள் இல்லை, துளிர்த்த நாளிலிருந்தே இலைக்குள் இருந்ததுதான். சிவப்பு மட்டும் புதிது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் அமைந்தால், இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அந்தச் சாயம் ஊறுகிறது. கடைசியில் காம்பின் அடியில் மரம் ஒரு தடுப்பைக் கட்டிக்கொள்கிறது. அப்புறம் காற்று தொட்டாலே போதும், இலை விழுந்துவிடும்.

நம் தெருவோர நாட்டு வாதுமை மரத்தில் இலை விழுவதற்கு முன் செக்கச் செவேல் என்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு மரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடாக நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரசிப்பதற்கு அது போதும்.

நான் போன முதல் செப்டம்பரில் ஒரு காலை, விடுதி ஜன்னல் விளிம்பில் ஈரத்தோடு ஒட்டிக்கிடந்த ஒரு பிர்ச் இலையை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நீளம்தான். ஓரமெல்லாம் ரம்பப் பல். எலுமிச்சை மஞ்சள். நரம்புகளை ஒட்டி மட்டும் இன்னும் மெல்லிய பச்சைக் கோடு இருந்தது. மரம் தன் சொத்தை நரம்பு வழியாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வேலை முடிவதற்குள், இலை விழுந்துவிட்டிருக்கிறது. அந்தப் பச்சைக் கோட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அந்த ஆறு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், இலையுதிர் காலம் என்று ஒரே ஒரு காலம் அங்கே கிடையாது என்பதுதான். வாரத்துக்கு வாரம் அது வேறு ஆள். செப்டம்பர் தொடக்கத்தில் இலை இன்னும் பச்சைதான், காற்று மட்டும் மாறியிருக்கும். மூன்றாவது வாரத்தில் காடு பற்றி எரிவது போல நிற்கும். அக்டோபர் நடுவில் எல்லாம் மொட்டை, சேறு, கருத்த வானம். சோகமா என்று கேட்டால், எந்த வாரத்தைக் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அவர்களுடைய பெரிய கலைஞர்கள் ஒவ்வொருவரும் இதில் ஒவ்வொரு வாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவின் நாட்காட்டி நாம் இப்போது பயன்படுத்துவதைவிட 12 நாள் பின்தங்கியது. அவர்கள் அக்டோபர் 1 என்று எழுதினால் நமக்கு அது அக்டோபர் 13.

முதல் வாரத்தைப் பிடித்தவர் கவிஞர் ஃபியோதர் த்யூத்செவ். 1857, அவர்கள் கணக்கில் ஆகஸ்ட் 22, நம் கணக்கில் செப்டம்பர் 3. ஓவ்ஸ்துக் என்ற தன் ஊரிலிருந்து மகள் மரியாவோடு மாஸ்கோவுக்குக் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தார். வழியில் தபால் நிலையங்களின் பட்டியலும் பயணச் செலவும் எழுதியிருந்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கவிதையைக் கிறுக்கினார். சில வரிகள் மகளின் கையெழுத்தில் இருக்கின்றன. வண்டி ஆட்டத்தில் அவரால் எழுத முடியாமல், அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். மொத்தமே 12 வரி. அதன் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படிப் போகும்:

சுறுசுறுப்பாய் அரிவாள் உலவி, கதிர் சாய்ந்த இடமெல்லாம்
இப்போது வெறுமை, எங்கும் வெட்டவெளி.
சும்மா கிடக்கும் உழவுசாலில்
மின்னுவது சிலந்தி நூலின் ஒற்றை மெல்லிய மயிர்.

என்னுடைய மொழிபெயர்ப்பு, குறை இருந்தால் என்னுடையது. இதில் “சும்மா” என்ற இடத்தில் ரஷ்ய மொழியில் இருக்கும் சொல் “பிராஸ்னி”. வேலையற்ற, வெறுமையான என்று பொருள். லியோ டால்ஸ்டாய் இந்த ஒரு சொல்லில் சொக்கிப்போனவர். உழவுசாலுக்கு யாரும் போடாத அடைமொழி அது, ஆனால் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, அறுவடை வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, நிலம் ஓய்ந்து படுத்திருக்கிறது என்பது அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. இதை முதலில் படித்தபோது எனக்குச் சட்டென்று நம் “சும்மா”தான் நினைவுக்கு வந்தது. சோம்பேறியைத் திட்டவும் அதே சொல், சும்மா இருப்பதே சுகம் என்று ஞானியைச் சொல்லவும் அதே சொல். இன்னொன்றும் உண்டு. ரஷ்ய மொழியில் பண்டிகைக்குப் பெயர் “பிராஸ்னிக்”. அதுவும் இந்தச் சொல்லின் வேரில் பிறந்ததே. வேலை இல்லாத நாள், ஆகவே திருநாள். த்யூத்செவின் உழவுசால் சும்மாவும் கிடக்கிறது, பண்டிகையும் கொண்டாடுகிறது.

அந்தச் சிலந்தி நூல் கற்பனை இல்லை. வெயில் கொஞ்ச நாள் திரும்பி வரும் அந்த வாரங்களில் குஞ்சுச் சிலந்திகள் நூலை விட்டு, அதில் தொங்கிக்கொண்டே காற்றில் மிதந்து போகும். வோல்கா கரையில் நடந்தால் கண் இமையில் வந்து ஒட்டும். துடைத்துவிட்டுப் பார்த்தால் கையில் ஒன்றும் தெரியாது, வெயில் பக்கம் திருப்பினால் மட்டும் ஒரு கோடு மின்னும். அந்தக் கோட்டைப் பார்க்க ஒருவர் கண் எவ்வளவு ஓய்வாக இருந்திருக்க வேண்டும்! கவிதையின் கடைசியில் பறவைச் சத்தம் நின்று போகிறது, ஆனால் குளிர்காலப் புயல் இன்னும் தூரத்தில் இருக்கிறது. இளைப்பாறும் வயல் மேல் தெளிந்த, வெதுவெதுப்பான நீலம் பொழிகிறது. இதில் சோகம் எங்கே இருக்கிறது? ஒரு துளி கூட இல்லை.

சரி, புஷ்கினுக்கு வருவோம். இலையுதிர் காலம் என்றால் ரஷ்யர்களுக்கு முதலில் அவர்தான்.

1830 செப்டம்பரில் அவருக்கு வயது 31. நத்தாலியா கஞ்சரோவாவோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா எழுதிக்கொடுத்த சொத்தைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காக நீஷ்னி நோவ்கரோத் மாகாணத்தில் போல்தினோ என்ற கிராமத்துக்குப் போனார். வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று போனவரைக் காலரா மறித்தது. சாலையெல்லாம் தடுப்புக் காவல். கிளம்பிப் பார்த்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் அந்தச் சேற்றுக் கிராமத்தில் அடைபட்டுக் கிடந்தார். அங்கே எழுதியவை: “யெவ்கேனி அனேகின்” காவியத்தின் கடைசிப் பகுதி, பெல்கின் கதைகள் ஐந்து, குறு நாடகங்கள் நான்கு, அப்புறம் முப்பது கவிதைகள் போல. இன்றைக்கும் ரஷ்யாவில் ஒருவர் அடைந்து கிடந்து எழுதிக் குவித்தால் “போல்தினோ இலையுதிர் காலம்” என்பார்கள். 2020 பொதுமுடக்கத்தின்போது அந்தச் சொல் மறுபடி எல்லார் வாயிலும் வந்தது.

1833-இல் அதே ஊருக்கு மறுபடி போனார். அப்போது எழுதியதுதான் “இலையுதிர் காலம்” என்ற கவிதை. அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை, இறந்து நான்கு வருடம் கழித்து 1841-இல்தான் வந்தது. முதல் வரியே அக்டோபர் வந்துவிட்டது, தோப்பு தன் அம்மணக் கிளைகளிலிருந்து கடைசி இலைகளை உதறுகிறது என்று தொடங்குகிறது. அவர்களுடைய அக்டோபர் நம்முடையதைவிட 12 நாள் பிந்தியது என்று சொன்னேனே, அதனால்தான் கடைசி இலை. ஆலைக்குப் பின்னால் ஓடை இன்னும் சலசலக்கிறது, குளம் மட்டும் உறைந்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் வேட்டைக்குக் கிளம்புகிறார். குதிரைகளும் நாய்களும் ஓடும் வெறியில் “ஓஸிம்” துன்பப்படுகிறது என்கிறார் புஷ்கின். இந்த ஓஸிம் என்ற சொல்லை நான் முதலில் படித்தபோது தாண்டிப் போய்விட்டேன்.

அப்புறம் அவர் பருவங்களை வரிசையாக நிறுத்தி விசாரிக்கிறார். வசந்தம் வேண்டாம்: பனி உருகினால் நாற்றம், சேறு. கோடையை நேசித்திருப்பேன், வெக்கையும் தூசியும் கொசுவும் ஈயும் இல்லாதிருந்தால். (இதைப் படித்ததும் நம் ஆளாகத் தெரிந்தார்.) குளிர்காலம் அழகு, ஆனால் ஆறு மாதம் பனி என்றால் கரடிக்கும் அலுத்துப்போகும். மிஞ்சியது இலையுதிர் காலம். வீட்டில் யாருக்கும் பிடிக்காத பிள்ளை ஒன்று ஒருவரைத் தன் பக்கம் இழுப்பது போல அது தன்னை இழுக்கிறது என்கிறார். அதை எப்படி விளக்குவது என்று யோசித்து, காசநோயில் மெலிந்த ஒரு பெண்ணை உவமையாகக் கொண்டுவருகிறார். அவள் முணுமுணுப்பதில்லை, கோபப்படுவதில்லை. வாடிய உதட்டில் சிரிப்பு இருக்கிறது. முகத்தில் இன்னும் சிவப்பு ஆடுகிறது. இன்று இருக்கிறாள், நாளை இல்லை.

மருத்துவம் படிக்கிறவருக்கு அந்தச் சிவப்பு என்னவென்று தெரியும். முற்றிய காசநோயில் மாலைக் காய்ச்சலோடு கன்னத்தில் ஏறும் சிவப்பு அது. ஆரோக்கியம் போலத் தோன்றும் நோய்க்குறி. புஷ்கின் அதற்குப் போடும் சொல் “பக்ரோவி”, கருஞ்சிவப்பு. அடுத்த பத்தியிலேயே காடு “பக்ரேத்ஸ்” உடுத்தி வருகிறது, கருஞ்சிவப்பும் பொன்னும். ஒரே வேர்ச்சொல். அந்தப் பெண்ணின் கன்னத்திலிருந்த சிவப்பைத்தான் காட்டுக்கு உடுத்துகிறார். நான் இதைக் கண்டுபிடித்த ராத்திரி தூங்கவில்லை.

அந்தப் பத்தியின் முதல் வரி ரஷ்யப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம்: “உனீலயா பரா! அச்சேய் அச்சராவான்யே!” சோர்ந்த பொழுதே! விழிகளின் மயக்கமே! கண்ணுக்குச் சாதாரணச் சொல் இருக்க, நாம் கண்ணை விட்டு விழி என்பது போல, பழைய கவிதைச் சொல்லான “அச்சேய்” என்பதைப் போட்டிருக்கிறார். போட்டதும் பக்கத்துச் சொல்லோடு மோனை அமைந்துவிட்டது. அச்சேய், அச்சராவான்யே. நம் காது மோனைக்குப் பழகியது. அர்த்தம் தெரியாதவர்களும் இந்த வரியை இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், முதல் பாதி தொங்கிப்போய் வருவதும் இரண்டாவது பாதி மந்திரம் போல எழுவதும் நாக்கிலேயே தெரியும்.

பெரும்பாலோர் இந்தப் பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். சோகக் கவிதை என்ற பெயர் இதற்கு வந்ததும் அதனால்தான். ஆனால் கவிதை இங்கேதான் கிளம்புகிறது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நான் மறுபடி பூக்கிறேன் என்கிறார். குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது, தூக்கம் வருகிறது, பசிக்கிறது. குதிரையின் குளம்பு பட்டு உறைந்த தரை கணீரென்கிறது, பனிக்கட்டி விரிசல் விடுகிறது. இரவில் கணப்பருகில் உட்கார்ந்தால் விரல் பேனாவைக் கேட்கிறது, பேனா தாளைக் கேட்கிறது. காற்றில்லாமல் அசையாது நின்ற கப்பல் ஒன்றில் மாலுமிகள் திடுமென ஏறி இறங்கி ஓடுகிறார்கள், பாய்கள் புடைக்கின்றன, கப்பல் நகர்கிறது. கடைசிப் பத்தி ஒரே வரி: மிதக்கிறது. நாம் எங்கே போவோம்? அதோடு புள்ளி வைத்து நிறுத்திவிட்டார். கிளையிலிருந்து இலை விழுவதில் தொடங்கிய கவிதை, பாய் விரிப்பதில் முடிகிறது.

ஓவியத்தில் ஐசக் லெவித்தான். 1860-இல் பிறந்த ஏழை யூதப் பையன். 1875-இல் அம்மா போனார், 1877-இல் அப்பா. 1879-இல் யூதர்களை மாஸ்கோவிலிருந்து வெளியேற்றியபோது நகரத்துக்கு வெளியே போய்த் தங்க நேர்ந்தது. அதே வருடம், 19 வயதில், மாஸ்கோவின் சக்கோல்னிகி பூங்காவில் கறுப்பு உடையில் ஒரு பெண் தனியாக நடந்துவரும் இலையுதிர் கால ஓவியத்தை வரைந்தார். அந்தப் பெண்ணை மட்டும் வரைந்து சேர்த்தவர் எழுத்தாளர் செகாவின் அண்ணன் நிக்கலாய். அடுத்த வருடம் கலை சேகரிப்பாளர் த்ரெத்யகோவ் அதை வாங்கினார். அது சோகமான படம்தான், மறுக்க மாட்டேன். பாதை, பழுத்த இளம் மரங்கள், ஓடும் மேகம், எங்கே போகிறாள் என்று தெரியாத பெண். வீடில்லாதவன் வரைந்த இலையுதிர் காலம்.

நான் சொல்ல வந்தது 16 வருடம் கழித்து வந்த இன்னொரு படம், “பொன் இலையுதிர் காலம்”, 1895. த்வேர் மாகாணத்திலேயே அஸ்த்ரோவ்னோ ஏரிக்கரையில் கோர்க்கா என்ற பண்ணை வீட்டில் அந்த வருடம் தங்கியிருந்தார். மார்ச் மாதத்தில் அங்கே பனி உருகும் படம் ஒன்றை வரைந்தார். ஜூனில் மனச்சோர்வு முற்றி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். செகாவ் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கோடையைத் தாண்டி வந்த இலையுதிர் காலம் இது.

த்ரெத்யகோவ் கலைக்கூடத்தில் அதன் முன் முதல்முறை நின்றபோது அளவுதான் ஆச்சரியமாக இருந்தது. 82க்கு 126 சென்டிமீட்டர், ஒரு நடுத்தரச் சாப்பாட்டு மேசையளவுகூட இல்லை. ஆனால் அறை முழுக்க அதன் மஞ்சள் அடித்தது. இடது பக்கம் பிர்ச் தோப்பு, வெள்ளைத் தண்டுகள். முன்னால் செம்பு நிறத்தில் ஓரிரு மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவே ஒரு சின்ன ஆறு, கரும் நீலம், பார்த்தாலே விரல் மரத்துப்போகும் நீலம். கிட்டே போனால் இலைகள் இலைகளாக இல்லை. வண்ணத்தைக் கட்டியாக அள்ளி அள்ளி வைத்திருக்கிறார், மேடு தட்டுகிறது. தண்ணீரையும் வானத்தையும் மட்டும் வழவழவென்று இழுத்துவிட்டிருக்கிறார். நாலடி பின்னால் வந்தால் அந்தக் கட்டிகள் அசைந்து இலையாகிவிடுகின்றன.

நான் மஞ்சளையே பார்த்துக்கொண்டு நிற்பதை அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வயதான காவல் அம்மா கவனித்திருக்கிறார். “தோச்சென்கா” என்று கூப்பிட்டார், நாம் “அம்மாடி” என்பது போல. “எல்லாரும் பிர்ச்சைத்தான் பார்க்கிறார்கள். அங்கே வலது பக்கம் தூரத்தில் பார். ஓஸிம்.” பார்த்தேன். அடிவானத்துக்குக் கீழே, குடிசைகளுக்கு இந்தப் பக்கம், பளீரென்ற பச்சையில் ஒரு பட்டை. வசந்தத்தில் மட்டுமே இருக்க வேண்டிய பச்சை.

ஓஸிம் என்பது குளிர்காலத்துக்கு முன்னால் விதைக்கும் ரை அல்லது கோதுமை. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் விதைப்பார்கள். காடு பழுக்கும் அதே நாட்களில் அது முளைத்துப் பச்சை விரிக்கும். அப்புறம் பனி வந்து மூடும். பனிக்கடியில் மாதக்கணக்கில் உயிரோடு தூங்கும். பனி உருகியதும் எழுந்து, அடுத்த கோடையில் கதிராகும். அந்தக் குளிர் படாவிட்டால் அது கதிர் விடவே விடாது. புஷ்கினின் வேட்டைக்காரர்கள் மிதித்துக்கொண்டு ஓடியது இந்தப் பயிரைத்தான். நான் தாண்டிப் போன சொல். விடுதிக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அதைத் தேடினேன். மாஸ்கோ தாண்டியதும் வரிசையாக இருந்தது, மஞ்சள் காட்டுக்கு இடையில் பச்சைப் பச்சையாக. ஒவ்வொரு வருடமும் இருந்திருக்கிறது, நான்தான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த ஜன்னல் விளிம்புப் பிர்ச் இலையின் பச்சைக் கோடும் நினைவுக்கு வந்தது. மரம் எடுத்துக்கொண்டது எதுவும் வீண் போவதில்லை, கிளைக்குள் அடுத்த வருடத்து மொட்டு அப்போதே தயாராக இருக்கிறது. இலைக்காம்பு விழுந்த தழும்புக்குச் சற்று மேலே அந்த மொட்டை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

இசைக்கு சைகோவ்ஸ்கி. உங்களுக்குச் சோகம் என்று தோன்றியது பெரும்பாலும் இவருடைய “இலையுதிர் காலப் பாடல்” கேட்டதாகத்தான் இருக்கும். பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவந்த “நுவெல்லிஸ்ட்” என்ற இசைப் பத்திரிகையின் ஆசிரியர் பெர்னார்ட் கேட்டுக்கொண்டபடி, 1876 முழுக்க மாதத்துக்கு ஒன்றாக 12 பியானோத் துண்டுகள் அதில் வந்தன. வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் வாங்கி வாசிப்பதற்காக. ஒவ்வொன்றுக்கும் மேலே ஓரிரு வரிக் கவிதையை ஆசிரியரே தேர்ந்தெடுத்துப் போட்டார். அக்டோபருக்குப் போட்டது அலெக்சேய் டால்ஸ்டாயின் வரிகள் (லியோ டால்ஸ்டாய் வேறு, இவர் தூரத்து உறவு): நம் ஏழைத் தோட்டமெல்லாம் உதிர்கிறது, மஞ்சள் இலைகள் காற்றில் பறக்கின்றன.

டி மைனரில் அமைந்த இசை. கீரவாணியும் நடபைரவியும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தச் சுரங்கள் அந்நியமாக இருக்காது. வேதனையோடும் நன்றாகப் பாடுவது போலவும் வாசிக்க வேண்டும் என்று அவரே குறித்திருக்கிறார். மேல்குரல் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பெருமூச்சு போல இறங்கி நிற்கும். நடுவில் அடியிலிருந்து இன்னொரு குரல் பதில் சொல்லத் தொடங்கும். முதலில் கேட்டபோது இந்த இரண்டாவது குரலை நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு அது தனிமைப் பாட்டாக இருப்பது நின்றுவிட்டது. இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

பத்திரிகையில் அச்சான இரண்டு வரிக்கு அப்புறம் அந்தக் கவிதை இன்னும் ஆறு வரி போகிறது. பள்ளத்தாக்கின் அடியில் ரியபீனா மரத்தின் கனிக்கொத்துகள் செக்கச் செவேலென்று தெரிகின்றன. என் நெஞ்சுக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, துயரமாகவும் இருக்கிறது. பேசாமல் உன் சின்னக் கைகளைப் பிடித்துச் சூடேற்றுகிறேன். உன் கண்ணைப் பார்த்துப் பேசாமல் கண்ணீர் விடுகிறேன். உன்னை எவ்வளவு நேசிக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு. இது காதல் கவிதை! தோட்டம் உதிர்வது வெளியே, கை சூடேறுவது உள்ளே. அந்த இசை முழுக் கவிதையையும் சொல்வதாகவே எனக்குக் கேட்கிறது. ரியபீனாவைப் பற்றி ஒன்று: இலையெல்லாம் போன பிறகும் அந்தச் சிவப்புக் கொத்துகள் மரத்திலேயே தங்கும். எங்கள் விடுதி வாசலில் இரண்டு நின்றன. ஜனவரியில், எல்லாம் வெள்ளையாக இருக்கும்போது, பறவைகள் கூட்டமாக வந்து அதைத்தான் தின்னும்.

ஏன் சோகம் என்று கேட்டீர்கள். சோகம் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பொன் இரண்டு மூன்று வாரம்தான், ஒரு பெருங்காற்று அடித்தால் ஒரே இரவில் முடிந்துபோகும், அப்புறம் நீளமான இருட்டு. அதை அறிந்த மக்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் பாதிதான். புஷ்கினின் ஒரு பத்தி, லெவித்தானின் மஞ்சள், சைகோவ்ஸ்கியின் ஒரு மாதம் என்று பிய்த்து எடுத்துக் கொடுக்கிறார்கள். சோகம் அந்தப் பிய்த்த இடத்தில் தெரிகிறது.

அதனால் ஒன்று செய்யுங்கள். சைகோவ்ஸ்கியின் அக்டோபரை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றையும் வரிசையாகப் போடுங்கள், கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செப்டம்பர் ஒரே கொம்பு முழக்கம், வேட்டை. மேலே இருக்கும் வரிகள் புஷ்கினுடையவை. அப்புறம் அக்டோபரில் இரண்டு குரலும் பேசி, ஒலி தேய்ந்து தேய்ந்து நிற்கும். நிறுத்திவிடாமல் இருங்கள். சில நொடியில் நவம்பர் தொடங்கும், மூன்று குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டி தூரத்திலிருந்து வரும், நடுவில் அதன் மணிகள் கிணுகிணுக்கும். அந்த மணிச் சத்தம் வரும்போது லெவித்தான் படத்தின் வலது ஓரத்துப் பச்சை வயல் பனிக்கடியில் போயிருக்கும். வண்டி அதன் மேல்தான் ஓடுகிறது.